ஐயாவைப் பசியோடு வரச் சொன்ன லயம்

குன்னூரில் வந்து இறங்கியபோது ஐயாவின் கம்பளிப் பெட்டி வரவில்லை. நடுவில் விமானம் மாற்றின ஏதோ ஊரில் நின்றுவிட்டது. எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஐயாவுக்கும் நினைவில்லை. எல்லா ஊர் விமான நிலையமும் அவருக்கு ஒன்றாகிவிட்டது.

கடைவீதியில் நடைபாதைக் கடையில் ஒரு குரங்குக் குல்லா வாங்கினோம். ஐயா அங்கேயே மாட்டிக்கொண்டார். கண்ணும் மூக்கும்தான் வெளியில் தெரிந்தன.

"நல்லாருக்கு மருதா. யாரும் கும்பிட மாட்டாங்க" என்றார்.

நான் ஐயாவின் சமையல்காரன். பிறந்தது அந்தியூர் பக்கம். அவர் தூதரகத்தில் சின்ன அதிகாரியாக இருந்தபோது கூடச் சேர்ந்தேன். பிறகு தூதர் ஆனார். மணல் ஊர், பனி ஊர் என்று பல ஊர். எல்லா ஊரிலும் எனக்கு அடுப்புதான். கொடி வைத்த காரில் ஐயா போவார், நான் பின்வாசலில் காய்கறி இறக்குவேன். அப்புறம் அந்த வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தார். இந்த மலைத் தொகுதியில்தான் நின்றார். ஜெயித்தார். டெல்லியில் மந்திரி ஆனார். அந்த வருஷங்களில் வீட்டு உலை இறங்கினதே இல்லை. வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டார்கள். பிறகு தோற்றார். மறுநாள் காலையில் பழக்கத்தில் பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்துவிட்டேன். குடிக்கக்கூட ஆள் வரவில்லை.

கொஞ்ச நாள் சும்மா இருந்தார். வெளிநாட்டில் கூப்பிட்டார்கள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பெரிய ஆபீஸ். ஊர் ஏரிக்கரையில். சண்டை போடுகிற இரண்டு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. முடி நரைத்ததும் முட்டி தேய்ந்ததும் சர்க்கரை வந்ததும் அங்கேதான். எனக்கும் முதுகு போனது அங்கேதான்.

இந்தத் தடவை நாடுகளுக்காக வரவில்லை. கோத்தகிரி ரோட்டுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். பாக்டரி மூடிவிட்டது. முதலாளி கோயமுத்தூரில் இருக்கிறார், மலையை விற்கப் போகிறார். வேலை செய்தவர்கள் லைன் வீடுகளைக் காலி பண்ண மாட்டோம் என்கிறார்கள். போலீஸ் வருவதற்குள் யாராவது நடுவில் பேசட்டும் என்று முடிவாயிற்று. இரண்டு பக்கமும் சொன்ன ஒரே பேர் ஐயா பேர். முதலாளிக்கு ஐயாவோடு பழைய பழக்கம். வேலைக்காரர்களுக்கு, ஐயா மந்திரியாக இருந்தபோது கரண்ட் வந்தது.

கெஸ்ட் ஹவுஸில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஏரிக்கரை ஊரில் டீ என்றால் நூலில் கட்டின பொட்டலம், வெந்நீரில் முக்கி எடுப்பது. இங்கே டீ டீயாக இருந்தது. வர்க்கி பல்லில் ஒட்டியது. ஐயா இரண்டு தின்றார். நான் தடுக்கவில்லை. தடுக்கவும் தெம்பில்லை.

மறுநாள் காலையில் டிரைவர் பெள்ளி வந்தார். படுகர். பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"ஏனுங்க, ஐயா பழைய மந்திரிதானுங்களே? எங்க ஊர் அட்டியில அத்தனை பேரும் உங்களுக்குத்தானுங்க போட்டோம்."

"அப்ப என்னைத் தோக்கடிச்சது யாரு?" என்றார் ஐயா.

"அது கீழ்நாட்டுக்காரங்கங்க."

"மேட்டுப்பாளையத்துல கேட்டா மலைக்காரங்கன்னு சொன்னாங்களே."

"அவங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்று கியரை மாற்றினார்.

பாதி வழியில் வண்டியை நிறுத்தினார். ரோட்டின் நடுவில் ஒரு காட்டெருமை. நகரவில்லை. பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. பஸ்ஸில் யாரும் சத்தம் போடவில்லை.

"ஹாரன் அடிங்க" என்றேன்.

"அடிக்கக் கூடாதுங்க. அது போற வரைக்கும் நாம நிக்கணும்."

ஐயா சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான் பெள்ளி" என்றார்.

எருமை போன பிறகு எஸ்டேட்டுக்குள் நுழைந்தோம். லைன் வீட்டுக்கு ஒரே பாதை. அது மேனேஜர் பங்களா கேட்டுக்குள் புகுந்து போகிறது. காவல்காரன் சலாம் போட்டுத் திறந்துவிட்டான். நாங்கள் நிற்காமல் போனோம். அது பின்னால் தகராறாகும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். விருந்து இருக்கிற அன்றைக்கு ஐயா வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவார். தூதர் வேலையில் இது ஒரு முறை. மேஜையில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். ஐயா தட்டைக் கிளறிக்கொண்டே பேசுவார், கேட்பார். பசியோடு உட்கார்ந்தவன் சீக்கிரம் தலையாட்டிவிடுவான் என்பார். ராஜா வீட்டு விருந்துக்கும் நான் தயிர்சாதம் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கும் கெஸ்ட் ஹவுஸ் அடுப்பில் குழைய வடித்து, தயிர் விட்டு, நாரத்தங்காய் ஊறுகாய் வைத்துக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. என் கை தானாகச் செய்தது. அவர் வாயும் தானாகச் சாப்பிட்டது.

லைன் வீட்டை அவர்கள் லயம் என்கிறார்கள். ஒட்டிக் கட்டின வீட்டு வரிசை, தகரக் கூரை, ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கு. எல்லாரும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டு வந்த குடும்பங்கள். பேச்சு இன்னும் அந்தப் பேச்சுதான். பாக்டரியை ஸ்டோர் என்கிறார்கள், மேனேஜரைத் துரை என்கிறார்கள்.

அவர்களுக்காகப் பேசுவது பாக்கியம் என்கிற அம்மாள். கொழுந்து எடுத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஐயா வயசு இருக்காது, ஆனால் பார்த்தால் கூட இருக்கும்.

"வாங்க ஐயா. நீங்க குடுத்த கரண்டு. அந்த பல்பு இன்னும் எரியுது" என்றார்.

"அதே பல்பா?"

"பல்பு மாத்திட்டோம். கரண்டு அதேதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல தொடக்கம் என்று நினைத்தேன்.

உள்ளே பாய் விரித்திருந்தது. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு என்றார் பாக்கியம். நடுவில் பேச வருகிறவர் முதலில் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு ஒரு ரொட்டி வரும். முழுசாகத் தின்ன வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றிலும் பிட்டுத் தின்ன வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீட்டுக்காக அவர் பேசமாட்டார் என்று அர்த்தம்.

தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட கனமான ரொட்டி. இடித்த மிளகாய்ச் சம்பல். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கொண்டுவந்து அடுக்கினார்கள். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் போட்ட தயிர்சாதம் நினைவுக்கு வந்தது.

ஐயா முதல் ரொட்டியைப் பிட்டார். இரண்டாவதைப் பிட்டார். மூன்றாவது துண்டு வாயிலேயே சுற்றியது. தண்ணீர் குடித்து இறக்கினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்கும்மா. இப்ப ரெண்டு பக்கத்து நியாயத்தையும்..." என்று ஆரம்பித்தார். ஐயா எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். மேஜை மேஜையாகக் கேட்டிருக்கிறேன்.

யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவலிங்கம் என்று ஒருவர், பாக்டரியில் மெஷின் ஓட்டினவர், எழுந்தார். "பங்களா கேட் வழியாத்தானே வண்டி வந்துச்சு? துரை வீட்டுல பிரியாணி வெட்டிட்டு வந்தா ரொட்டி எப்படி எறங்கும்?"

"சும்மா இரு சிவா" என்றார் பாக்கியம்.

"ஏன் சும்மா இருக்கணும்? விலை பேசி முடிச்சுட்டு இங்க வாய் தொடைக்க வந்திருக்காரு."

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அது இல்லடா. நம்ம கையால தின்ன மாட்டாரு போல."

அதுதான் சுட்டது.

ஐயா பேசவில்லை. தன்மேல் பழி வந்தால் விளக்கம் சொல்வது அவர் வழக்கமில்லை. விளக்கம் சொன்னவன் பாதி தோற்றவன் என்பார். பெரிய ஆட்கள் நடுவில் அது கௌரவமாக இருந்திருக்கும். இங்கே அது ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

பேச்சு நடக்கிற இடத்தில் நான் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"ஏனுங்க, ஐயா பங்களாவுல கால் வைக்கலீங்க. நான்தான் காலைல தயிர்சாதம் போட்டேனுங்க. எந்த விருந்துக்குப் போனாலும் அப்படித்தானுங்க."

"விருந்துக்குப் போறவருக்கு வீட்டுல சோறா?" என்றார் சிவலிங்கம். "நாங்க போட மாட்டோம்னு நெனைச்சியா?"

"நெனைக்கலீங்க. எங்களுக்கு அது பழக்கமுங்க."

"என்ன பழக்கம் அது, கேடுகெட்ட பழக்கம்!" என்று ஒரு பெண் சொன்னாள். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

பாக்கியம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்திருக்கும். சமையல்காரன் முகத்தில் வேறு என்ன இருக்கும்? ரொட்டி அடுக்கைத் துணி போட்டு மூடினார்.

"உங்களுக்கு ஒரு பழக்கம், எங்களுக்கு ஒரு வழக்கம். நாளைக்கு வாங்க ஐயா. பசியோட வாங்க. இந்த ஆளை அடுப்புக்கிட்ட விடாதீங்க."

வண்டியில் திரும்பினோம். குன்னூர் வருகிற சமயத்தில் ஐயா சொன்னார்: "எத்தனை நாட்டுல எத்தனை மேஜை. இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை மருதா."

மூன்றாம் நாள் நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஐயா காபியோடு கிளம்பிவிட்டார். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. பாக்கெட்டில் பிஸ்கட் வைத்துக்கொண்டேன்.

லயத்தில் ஆள் இல்லை. பாக்டரி மூடினாலும் செடி சும்மா இருக்காது. எல்லாரும் கொழுந்து எடுத்து வேறு ஒரு பாக்டரி லாரிக்குப் போடுகிறார்கள். நிறுவை முடிந்துதான் வருவார்கள் என்றார் வீட்டில் இருந்த அதே பெரியவர். ஒரு பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தோம். மதியம் போனது. மூடுபனி வந்து போனது. மறுபடி வந்தது.

ஐயாவின் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில். பிஸ்கட்டை எடுத்தேன்.

"உள்ள வை" என்றார்.

"ஐயா, விழுந்திருவீங்க."

"விழுந்தா தூக்கு. உள்ள வை."

பெண்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். பாக்கியம் கூடையை இறக்கும்போதே ஐயாவின் கையைப் பார்த்துவிட்டார்.

"ஏய், அடுப்பைப் பத்த வைங்கடி. இவருக்கு மொதல்ல போடுங்க. கை ஆடுது பாரு."

ஐயா சாப்பிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீட்டு ரொட்டியிலும் பிட்டார். சம்பல் காரத்தில் மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். பேசவே இல்லை. பெரியவர் வீட்டு ரொட்டியை மட்டும் முழுசாகத் தின்றார். பெரியவர் எழுந்து வெளியே போனார், கொஞ்சம் கழித்து உள்ளே வந்து கிட்டத்தில் உட்கார்ந்தார். சிவலிங்கம்தான் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க" என்றார் பாக்கியம். "ரெண்டு பக்கம், மூணு பக்கம் எல்லாம் வேணாம். நாங்க இங்க இருக்கலாமா, போகணுமா?"

ஐயா பாயில் நகர்ந்து பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்த லயம் போயிரும்மா. நிக்காது. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது. ஆனா மலையை விட்டுப் போக வேண்டாம். இதே எஸ்டேட்டுல மனை கேக்கலாம். அது கெடைக்கும்னு நெனைக்கிறேன்."

அவர் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரே கூச்சல். சிவலிங்கம் சுவரில் குத்தினார்.

"இலங்கைல இருந்து எங்களை அனுப்பினப்ப ரெண்டு நாட்டு ஆளுங்க மேஜையில உக்காந்து பேசினாங்க. உனக்கு இத்தனை பேரு, எனக்கு இத்தனை பேருன்னு. எங்களைக் கேக்கல. அந்த மேஜையில உங்களை மாதிரி ஆளுங்கதானே இருந்திருப்பாங்க?"

"ஆமா" என்றார் ஐயா. "என்னை மாதிரி ஆளுங்கதான்."

சிவலிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கூச்சலும் மெல்ல இறங்கியது.

"இதை நேத்துச் சொல்லியிருந்தா வண்டிக் கண்ணாடியை உடைச்சிருப்போம்" என்றார் பாக்கியம். பிறகு சொன்னார்: "சரி. துரை கீழ ஓடைப் பள்ளத்தைக் காட்டுவாரு. அது சேறு. மழைக்கு வீடு நிக்காது. எங்களுக்குப் பழைய பிரட்டுக்களத்து மேடு வேணும். அது கெடைச்சா எறங்கறோம்."

பிரட்டுக்களம் என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். ரோட்டை ஒட்டின மேடு. நல்ல இடம் என்று எனக்கே தெரிந்தது.

நாலாம் நாள் முழுக்கப் பங்களாவில். மேனேஜர் கேக் வைத்தார். ஐயா தொடவில்லை. ஓடைப் பள்ளம்தான் என்றார் மேனேஜர். முதலாளியும் போனில் அதையே சொன்னார். ஐயா பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அது அவர் பழைய வித்தை. எதிரில் இருப்பவருக்குத் தாங்காது. பேச ஆரம்பித்துவிடுவார். மேனேஜர் பேசினார், முதலாளியைக் கூப்பிட்டார், மறுபடி பேசினார். ஐயா கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"பள்ளத்துக்கு அவங்க எறங்க மாட்டாங்க. அவங்க லயத்தைக் காலி பண்ணலைன்னா உங்க மலை விக்காது. மேட்டைக் குடுத்துருங்க."

சாயங்காலம் மேடு கிடைத்தது. பாக்கியம் வந்து கையெழுத்துப் போட்டார், மெதுவாக, எழுத்து எழுத்தாக. மேனேஜர் போட்டார், ஐயா சாட்சிக்குப் போட்டார். எழுந்து பாக்கியத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கிளம்புகிற கும்பிடு.

பாக்கியம் கும்பிடவில்லை. "எல்லைக் கல்லு ஊனுற வரைக்கும் இருங்க" என்றார்.

"அதுதான் எழுதியாச்சேம்மா."

"எழுதினது நெறையப் பாத்துட்டோம் ஐயா. கல்லு ஊனினதுதான் பாக்கல. நாளைக்கு அளக்க ஆள் வருவாங்க. நீங்க இல்லைன்னா கல்லு பள்ளத்துக்கு நகந்துரும்."

மறுநாள் எங்களுக்கு விமானம். ஏரிக்கரை ஆபீஸில் இன்னொரு வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஐயாவின் தொழிலில் கையெழுத்தானால் கிளம்பிவிட வேண்டும். கை குலுக்குவது, போட்டோ, விமானம். ஒரு வெயில் நாட்டில் அப்படித்தான் பேசி முடித்துவிட்டு மறுநாளே வந்துவிட்டோம். மழைக்காலம் வருவதற்குள் அங்கே மறுபடி சுட்டுக்கொண்டார்கள். ஏரிக்கரை வீட்டில் டிவியில் பார்த்தோம். ஐயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் திரும்பியும் போகவில்லை. யாரும் இருக்கச் சொல்லவுமில்லை.

ஐயா முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருக்கேன்" என்றார்.

கெஸ்ட் ஹவுஸில் இருந்து அந்த ஆபீஸுக்குப் போன் போட்டார். இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் புரியும். "நாளைக்கு வர முடியாது. இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கல். ஆமாம், கல்தான். நட வேண்டும்." அந்தப் பக்கம் விளங்கியிருக்காது. ஐயா வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் அளக்கிறவர் வருவதற்கே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முதலாளியின் ஆள் ஒருவர் கூட வந்தார், தொப்பியும் கம்புமாக. மேட்டில் ஐயாவுக்குப் பாக்கியம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். உட்கார இடமில்லை, எனக்கு முதுகு வலி, இருந்தாலும் நின்றேன்.

முதல் கல் ஒழுங்காக விழுந்தது. இரண்டாவதுக்கு மூடுபனி இறங்கியது. டேப்பின் அந்த நுனி தெரியவில்லை. தொப்பிக்காரர் கல்லைக் கையால் தள்ளி ஒரு முழம் உள்ளே வைத்தார்.

"யோவ், அது எங்க வீட்டு அடுப்படி!" என்று சிவலிங்கம் கத்தினார்.

தொப்பிக்காரர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். ஐயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் திரும்ப வெளியே போனது.

அப்புறம் தூறல். குடையை விரித்து ஐயாவுக்கு மேல் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பயந்துவிட்டேன். குனிந்து பார்த்தால் மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டார். மந்திரி சபையில் தூங்காத மனுஷன், விடிய விடிய நடந்த பேச்சுவார்த்தைகளில் தூங்காத மனுஷன். தோளைத் தொடப் போனேன்.

பாக்கியம் கையைக் காட்டித் தடுத்தார்.

"எழுப்பாதீங்க. தொப்பிக்காரன் இந்தப் பக்கம் திரும்பறப்ப ஆள் உக்காந்திருக்கிறது தெரியுதில்ல, அது போதும்."

தொப்பிக்காரர் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தார். பனியில் நாற்காலியும் குடையும்தான் தெரிந்திருக்கும். நான் குடையைக் கொஞ்சம் தணித்துப் பிடித்தேன், முகம் தெரியாதபடி. கடப்பாரை விழுந்தது. அடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.